காமன் ஆப்: பத்து வரிகளில் எதை எழுதுவது?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஏற்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில், பாடத்துக்கு வெளியே செய்தவற்றை வரிக்கு ஒன்றாக, அதிகபட்சம் பத்து வரிகளில் குறிக்கும் பகுதி பற்றி இம்முறை நிறையக் கேள்விகள்.

மகளுக்குச் சென்ற ஆண்டு பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தது. 'வாரத்துக்கு எத்தனை மணி நேரம்' என்ற இடத்தில் 15 என்று போடலாமா?
– ஒரு தாய், கோவை

அரங்கேற்றத்துக்கு முந்தைய இரண்டு மாதம் அப்படி ஆடியிருப்பாள். மற்ற மாதங்களில்? 9, 10, 11 என மூன்று வகுப்புகளை டிக் செய்தால், மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண்தான் கேட்பார்கள். அதனால் கணக்குப் போட்டுவிடுங்கள். வாரம் 3 மணி நேர வகுப்பு, ஆண்டுக்கு 44 வாரம் என்றால் மூன்று ஆண்டில் 396 மணி. அரங்கேற்றத்துக்காக 8 வாரம், வாரம் 12 மணி கூடுதல் என்றால் 96. மொத்தம் 492. அதை 132 வாரத்தால் வகுத்தால் 3.7. ஆக '4 மணி, 44 வாரம்'. கடைசி இரண்டு மாத உழைப்பையும், சிறு வயதிலிருந்தே கற்பதையும் விவரத்தில் சொல்லலாம். அதற்கு இடைவெளி உட்பட 150 எழுத்து இடமுண்டு.

15 என்று போட்டால் நடனம் மட்டும் கெடாது. விண்ணப்பத்தைப் படிக்கும் சேர்க்கை அலுவலர் பத்து வரிகளின் மணி நேரத்தையும் மனதுக்குள் கூட்டுவார். வாரத்தின் 168 மணியில் தூக்கம் 56, பள்ளியும் பயணமும் 45 போக மிச்சம் 67. அதில்தான் வீட்டுப்பாடம், டியூஷன், சாப்பாடு எல்லாம். பட்டியலின் கூட்டுத்தொகை 55 வந்தால் உண்மையான வரிகளையும் நம்ப மாட்டார்.

மகன் கணித ஒலிம்பியாடின் முதல் தேர்வில் தேறினான். 'சர்வதேச அளவு' என்று குறிக்கலாமா?
– ஒரு தந்தை, மதுரை

கூடாது. இந்தியாவில் ஐஓகியூஎம் என்ற முதல் தேர்வு, ஆர்எம்ஓ என்ற வட்டாரத் தேர்வு, ஐஎன்எம்ஓ என்ற தேசியத் தேர்வு, அதன்பின் பயிற்சி முகாம் என்று படிகள். அவற்றையெல்லாம் தாண்டும் ஆறு பேர்தான் சர்வதேசப் போட்டிக்குப் போகிறார்கள். 'ஐஓகியூஎம் தேறி ஆர்எம்ஓவுக்குத் தகுதி' என்று உள்ளபடியே எழுதுங்கள். அதன் கடினம் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும். தனியார் நடத்தும் 'இன்டர்நேஷனல்' தேர்வுகளில் கிடைத்த பள்ளி முதலிடத்துக்கு 'பள்ளி அளவு' என்பதுதான் சரி. தேர்வின் பெயரைப் பார்க்காதீர்கள், யாரோடு போட்டியிட்டு வந்த இடம் என்று பாருங்கள்.

ஆலோசகர் ஒருவர், மகனைத் 'தொண்டு அமைப்பின் நிறுவனர்' என்று போடலாம், சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்கிறார். யார் சரிபார்க்கப் போகிறார்கள்?
– பெயர் வேண்டாம், திருச்சி

எல்லாரையும் சரிபார்ப்பதில்லைதான். தனி விண்ணப்பம் வைத்திருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து ஆதாரம் கேட்கிறது; அனுப்பாவிட்டால் விண்ணப்பம் ரத்து. மற்ற இடங்களில் பொய்யைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் விண்ணப்பமேதான். பள்ளியின் பரிந்துரைக் கடிதத்தில் அந்த அமைப்பைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நேர்காணலில் 'முதல் ஆண்டு பணம் எங்கிருந்து வந்தது?' என்று சாதாரணமாகக் கேட்டால் பையன் விழிப்பான்.

2019-இல் அம்பலமான 'வார்சிட்டி ப்ளூஸ்' என்ற அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை மோசடியில், படகுப் போட்டி பக்கமே போகாத பிள்ளைகளைப் படகு வீரர்களாகக் காட்டியிருந்தார்கள். ஏற்பாடு செய்த ரிக் சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. காலம் கடந்தால் தப்பிவிடலாம் என்பதும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கைத் தலைவர் மேரிலீ ஜோன்ஸே, பெறாத பட்டங்களைச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தது தெரியவந்து, 28 ஆண்டுப் பணிக்குப் பிறகு 2007-இல் விலகினார்.

இன்னொன்று: விண்ணப்பத்தின் முடிவில் உறுதிமொழியில் கையெழுத்திடுவது உங்கள் மகன், ஆலோசகர் அல்ல. சேர்க்கை ரத்து, வெளியேற்றம், பட்டம் பறிப்பு வரை அதில் எழுதியிருக்கிறது. குடியிருப்பில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்திருந்தால் அதை எழுதுங்கள். ஆலோசகரையும் மாற்றிவிடுங்கள்.

மாலையில் அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். வேறு எதுவும் இல்லை.
– மாணவி, தஞ்சாவூர்

தாராளமாக எழுதுங்கள். வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் தனித்தனி வகை அந்தப் பட்டியலிலேயே உண்டு. சரக்கு எடுப்பது, கடன் கணக்கு எழுதுவது என்று செய்வதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகுதான் 'செயலாளர்' என்று தவறாகப் போட்டது தெரிந்தது. நான் உறுப்பினர் மட்டுமே.
– மாணவன், சென்னை

அனுப்பிய கல்லூரிக்கு இனித் திருத்த முடியாது. அனுப்பாதவற்றுக்கு முடியும், முதலில் அதைச் செய்யுங்கள். அனுப்பிய கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகத்துக்கு, முடிவு வரும் முன், விண்ணப்ப எண்ணோடு மூன்று வரி மின்னஞ்சல்: எந்த வரி, என்ன எழுதியிருக்கிறது, எது சரி. விளக்கம் நீள வேண்டாம். பள்ளி ஆலோசகருக்கும் ஒரு நகல் போகட்டும்.