நைஜீரியாவுல நடந்த குதிரத் அபியோலா கொலை வழக்குல தூக்கு தண்டனை வாங்கின ரெண்டு பேர் அப்பீல்ல எப்படி விடுதலையானாங்க?

சுருக்கமா சொன்னா, முக்கிய சாட்சிங்க பல்டி அடிச்சதுதான் காரணம்.

நைஜீரியாவுல 1993 தேர்தல்ல ஜெயிச்ச பெரும் பணக்காரர் எம்.கே.ஓ. அபியோலா, ஆனா ராணுவ ஆட்சி அந்த தேர்தலையே ரத்து பண்ணி, அடுத்த வருஷம் அவரை ஜெயில்ல போட்டுச்சு, அவருக்காக வெளிய நின்னு தைரியமா போராடினது அவர் மனைவி குதிரத். 1996 ஜூன் 4, லாகோஸ்ல கார்ல போயிட்டு இருந்தப்ப அவங்களை சுட்டுக் கொன்னாங்க, டிரைவரும் செத்துட்டார்.

அப்போ நைஜீரியாவை ஆண்ட ராணுவ சர்வாதிகாரி அபாச்சா செத்த பிறகு அவரோட பாதுகாப்பு தலைவர் ஹம்சா அல்-முஸ்தபா மேலயும், குதிரத்தோட உதவியாளர் லத்தீஃப் ஷோஃபோலஹான் மேலயும் கேஸ் வந்துச்சு. "நான்தான் சுட்டேன், அல்-முஸ்தபா உத்தரவு"ன்னு கோர்ட்ல சொன்ன சார்ஜென்ட் ரோஜர்ஸ், அப்புறம் அதே கோர்ட்ல அப்படி எதுவும் இல்லைன்னு மாத்தி பேசினார், கொலைகாரங்க வண்டியை ஓட்டினதா சொன்ன இன்னொரு சாட்சியும் அப்படியே. லாகோஸ் ஹைகோர்ட் முதல் வாக்குமூலத்தை நம்பி 2012 ஜனவரி 30ல ரெண்டு பேருக்கும் தூக்குன்னு சொல்லிருச்சு. அப்பீல் கோர்ட் 2013 ஜூலை 12ல, இப்படி முன்னுக்குப் பின் முரணா இருக்கிற சாட்சியை வச்சு ஒருத்தர் உயிரை எடுக்க முடியாதுன்னு ரெண்டு பேரையும் விட்டுடுச்சு.

சட்டப்படி அது சரிதான்னு நினைக்கிறேன். எனக்கு ஆறாத கோபம் லாகோஸ் அரசு மேலதான், அந்த விடுதலையை எதிர்த்து லேட்டா அப்பீல் பண்ண 2017ல சுப்ரீம் கோர்ட் அனுமதி குடுத்தும் கேஸை நடத்தாம விட்டாங்க, 2025ல அதுவும் தள்ளுபடி ஆயிடுச்சு.