அளவுகோல் இல்லாத ஆத்துக்கு வெள்ளக் கணக்கு எப்படிப் பாக்கிறது?

கடிதம்:

வணக்கம் அண்ணா, நான் வெள்ளவத்தையில இருக்கிறன். அம்மாட காணி கிளிநொச்சிப் பக்கம், கனகராயன் ஆத்தில வந்து விழுற ஒரு சின்ன ஆத்தோரம், அதில வீடு கட்டப் போறம். இஞ்ச களனி ஆத்துக்கெண்டா நாகலகம் வீதி, ஹங்வெல்ல எண்டு மட்டம் எடுத்து நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லுது. எங்கட ஆத்துக்கு ஒரு அளவுகோலும் இல்ல. தெரிஞ்ச தம்பி ஒருத்தர் சாட்டிலைட் மேப்பில உயரம் பாத்திட்டு பயமில்ல எண்டுறார். நம்பலாமா?

பதில்:

தங்கச்சி, அந்த உயரத்தை நம்பி அத்திவாரம் வெட்டாதேங்கோ. இலவசமா கிடைக்கிற உயரத் தரவில கனக்க, 2000 பெப்ரவரியில விண்வெளி ஓடத்தில இருந்து ரேடாரால எடுத்தது, அது மர உச்சியையும் கூரையையும் சேத்துத்தான் நிலம் எண்டு காட்டும், சில மீற்றர் பிழை சாதாரணம். வன்னி மாதிரித் தட்டையான இடத்தில உங்கட வீட்டுக்க தண்ணி வருமா வராதா எண்டுறதை ரெண்டடி தீர்மானிக்கும்.

அளவுகோல் இல்லையெண்டா தகவலே இல்லையெண்டு இல்ல. 2018 டிசம்பர் வெள்ளத்தில தண்ணி எதுமட்டும் வந்தது எண்டு அயல்ல கேளுங்கோ, 2025 டித்வா புயலுக்கும் கேளுங்கோ. சும்மா "இடுப்பளவு" எண்டு சொன்னா விடாதேங்கோ, எந்தச் சுவர், எந்தப் படி, கிணத்துக்கட்டில எந்தக் கல்லு எண்டு கையால தொட்டுக் காட்டச் சொல்லுங்கோ, ரெண்டு மூண்டு வீட்டில தனித்தனியாக் கேட்டு ஒத்துப்போறதை மட்டும் எடுங்கோ. பிறகு மேசன்மார் பாவிக்கிற தண்ணி டியூப்பால அந்த மட்டத்தை உங்கட காணிக்குக் கொண்டுவந்து ஒரு கட்டையில ஆணி அடிச்சு வையுங்கோ. எந்த மேப்பை விடவும் நான் நம்புறது அந்த ஆணியைத்தான். அதோட ஆத்தின்ர குறுக்குவெட்டும் சரிவும் எடுத்தா, மானிங் சூத்திரத்தால அண்டைக்கு எவ்வளவு தண்ணி ஓடினது எண்டு எஞ்சினியர் ஒருத்தர் கணிச்சுத் தருவார்.

அடுத்தது கனகராயன் ஆறு போய் விழுற இரணைமடுக் குளம். மழை நாளில குளத்தின்ர மட்டம் எவ்வளவு ஏறினது, எந்த வான்கதவு எவ்வளவு திறந்தது எண்டு இருந்தா, உள்ளுக்க வந்த தண்ணியைத் திருப்பிக் கணிக்கலாம், அப்ப குளமே ஒரு அளவுகோல்தான். ஆனா அதைப் பரப்பளவால நேராப் பிரிச்சு உங்கட ஆத்துக்குப் போடக்கூடாது, சின்ன நீரேந்து பரப்பில ஒரு சதுர கிலோமீற்றருக்கு வாற உச்சம் கூட இருக்கும்.

மழையில இருந்தும் கணிக்கலாம். நீரேந்து பரப்பு 5 சதுர கிலோமீற்றர், மணிக்கு 40 மில்லிமீற்றர் மழை எண்டு வையுங்கோ. விழுற மழையில 0.4 பங்கு ஓடுது எண்டா விநாடிக்கு 22 கன மீற்றர், 0.6 எண்டா 33. காடு வெட்டினா, நிலம் முதலே ஊறியிருந்தா அந்தப் பங்கு கூடும். அதால ஒரே ஒரு நம்பர் தாறவரிட்ட மற்றத் தொங்கலையும் கேளுங்கோ, வீட்டை மேல் தொங்கலுக்குக் கட்டுங்கோ.

கொழும்பில இருக்கிறதால களனிக் கணக்கைக் கொண்டுபோய் அங்க பொருத்துவம் எண்டு நினைக்காதேங்கோ. களனி மலைநாட்டில இருந்து இறங்குது, தென்மேற்குப் பருவமழைதான் அதுக்குப் பெரிசு. வன்னியில ஒக்டோபருக்குப் பிறகு வங்காள விரிகுடாத் தாழமுக்கம்தான் வெள்ளம் கொண்டுவாறது. தரவு கடன் வாங்கிறதெண்டா அதே மாதிரி மண், மழை, குளம் இருக்கிற ஆத்திட்ட வாங்கோணும்.

கூகுள் ஆக்கள் 2024ல நேச்சர் எண்ட அறிவியல் சஞ்சிகையில ஒரு கட்டுரை போட்டவை, 5,680 அளவுகோல்களின்ர தரவில பழக்கின செயற்கை நுண்ணறிவால, அளவுகோல் இல்லாத ஆறுகளுக்கும் அஞ்சு நாள் முன்னால வெள்ளத்தைச் சொல்லலாம் எண்டு. நல்ல வேலை, எச்சரிக்கைக்கு உதவும், ஆனா அத்திவார உயரத்தை அது சொல்லாது.

"நூறு வருசத்துக்கு ஒருக்கா வாற வெள்ளம்தானே" எண்டு ஆரும் ஆறுதல் சொன்னா, அது ஒவ்வொரு வருசமும் நூத்தில ஒரு சான்ஸ், 30 வருசம் வீட்டில இருந்தா ஒருக்காலாவது வாறதுக்கு 26 வீதம். அம்மாவை அங்க இருத்தப் போறீங்கள் எண்டா அது சின்ன எண் இல்ல.

காணி முழுக்க மண் நிரப்பி உயர்த்தாதேங்கோ, தண்ணி பக்கத்து வீட்டுக்குத்தான் திரும்பும். தூண் வச்சு உயர்த்துங்கோ. கீழ இருக்கிற மதகு குப்பையால அடைபட்டா மட்டம் எவ்வளவு ஏறும் எண்டும் எஞ்சினியரிட்டக் கேளுங்கோ, ஆணி அடிச்ச பிறகு அளவுகளை எனக்கும் அனுப்பிவிடுங்கோ.