வாசகர் கேள்வி–பதில்: சுங்கை பீசிக்குப் புறப்படும் முன்

கேள்வி: ஐயா, ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டுச் சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்திற்கு, பயிற்சி அதிகாரியாகச் சேர விண்ணப்பித்திருக்கிறேன். இடம் கிடைத்தால் இன்னும் நான்கு மாதங்களில் போக வேண்டியிருக்கும். மூன்று வாரங்களாக நாள் தவறாமல் தார்ச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். மூச்சு இப்போது வாங்குவதில்லை. ஆனால் கீழ்க்காலின் உட்புறம் வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு ஓடினால் பழகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: சரியல்ல, தம்பி. மூச்சு பழகிய வேகத்தில் எலும்பும் பழகிவிட்டது என்று நினைப்பதால்தான் இந்த வலி வருகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்போ, புதிய பளு விழத் தொடங்கியதும், தேய்ந்த பகுதியை முதலில் அரித்து அகற்றிவிட்டு, அந்த இடத்தில் புதிய எலும்பை மெல்ல மெல்லக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதங்கள் பிடிக்கும். வீட்டைப் புதுப்பிக்கிறவர் பழைய சுவரை இடித்துவிட்டார், புதுச்சுவர் இன்னும் எழும்பவில்லை. அந்த வீட்டில்தான் நீங்கள் தினமும் குதித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்று மாலை ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் அமர்ந்து, கணுக்காலுக்கு மேலிருந்து முழங்கால் வரை, கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுக்களின் அழற்சி. ஓட்டத்தை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மிதிவண்டி, நீச்சல் என்று மாற்றிக்கொண்டால் பொதுவாகத் தணியும். ஐம்பது சென் நாணயம் அளவுள்ள ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கக்கூடும். உடனே மருத்துவரைப் பாருங்கள். தொடக்க நாள்களில் எக்ஸ்ரே படத்தில் விரிசல் தெரியாமல் போவதும் உண்டு என்பதால், 'படத்தில் ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல்லை நம்பி மறுநாளே ஓடிவிட வேண்டாம்.

வலி நின்றபின் வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் போதும். புல்தரையில் ஓடுங்கள், வாரத்தின் மொத்தத் தொலைவைப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கூட்டாதீர்கள். மூன்றில் இரண்டு நாள், ஒரு குறளை நடுவில் மூச்சு முறியாமல் சொல்லும் வேகத்திலேயே ஓடுங்கள். குறள் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள். மூன்றாம் நாளை வேகத்துக்கு ஒதுக்கலாம். நம் இராணுவத்தின் அடிப்படை உடற்தகுதிச் சோதனையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது. 400 மீட்டர் திடலில் அது ஆறு சுற்று. சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் 12 நிமிடம். அதை முதல் இலக்காக வைத்துக்கொண்டு, பிறகு குறைத்துக்கொண்டே போங்கள்.

அதிகாரிப் பயிற்சியில் ஓடுவதைவிடச் சுமையோடு நடப்பதே அதிகம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பினாங்கில் இருப்பவர்களுக்குக் குறையே இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை, கூட்டமில்லாத வைகறையில், முதல் மாதம் வெறுங்கையோடும் பிறகு முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியோடும் ஏறுங்கள். பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை (பினாங்கு மலை) உச்சிக்குப் போகும் ஜீப் பாதை இன்னும் கடினமானது. 800 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் அதைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். தொடைத் தசையையும் முழங்காலையும் பதம் பார்ப்பது இறக்கமே. எனவே திரும்பும்போது மலை ரயிலில் இறங்கிவிடுங்கள். ரயில் ஆயர் ஈத்தாம் பக்கம் கொண்டுபோய் விடுமே, மோட்டார் சைக்கிள் பூமலையில் நிற்குமே என்று கேட்பீர்கள். அந்தப் பேருந்துச் செலவு முழங்காலுக்குச் செய்யும் செலவு.

கேள்வி: என் மகள் மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பலாபெஸ் எனும் சேமப்படை அதிகாரிப் பயிற்சியிலும் சேர்ந்திருக்கிறாள். ஆண் பிள்ளைகளுக்கு ஈடாக ஓட வேண்டும் என்று ஆர்வமாக இருந்தாலும் சீக்கிரம் களைத்துவிடுகிறாள். சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாயார், ஜெலுத்தோங்

பதில்: வாங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், அம்மா. ஹீமோகுளோபின் அளவு சரியாக இருந்தும், உடலில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்து குறைந்திருக்கலாம்; ஆகவே ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் காணும் பெண்கள் கடுமையாகப் பயிற்சி செய்யும்போது இந்தக் குறை எளிதில் வருகிறது. முருங்கைக்கீரை, பருப்பு, ஆட்டு ஈரல் ஆகியவற்றோடு ஒரு கொய்யாப்பழமும் சேரட்டும். பசியாறும்போது கூடவே தே தாரிக் குடிக்கும் நம் வழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். தேயிலை இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மாதவிடாய் சில மாதங்கள் தொடர்ந்து தள்ளிப்போனால் அதை 'ஓட்டத்தால் வருவதுதான்' என்று விட்டுவிடாதீர்கள். உடலுக்குத் தேவையான உணவு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பும் அதனால் வலுவிழக்கக்கூடும்.

கேள்வி: தேர்வுக்கு முன் எட்டுக் கிலோ குறைக்க வேண்டும். பிளாஸ்டிக் சட்டை அணிந்து வெயிலில் ஓடினால் விரைவாகக் குறையுமா?
– ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: குறைவது வெறும் தண்ணீர், இரண்டு குவளை குடித்ததும் திரும்பிவிடும். வியர்வை ஆவியாக வழியில்லாத உடலில் வெப்பம் தேங்கி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்தச் சட்டையைத் தூக்கி எறியுங்கள். வெயிலைப் பழக வேண்டியது உண்மையே; பருத்தி உடையில் முதல் நாள் இருபது நிமிடம் நடந்து, நாளுக்கு நாள் சிறிது கூட்டினால், பத்துப் பதினான்கு நாள்களில் உடல் தானாகப் பழகும். நாக்குழறல், தடுமாற்றம் தோன்றினால் உடனிருப்பவர்கள் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே உதவிக்கு அழைக்க வேண்டும். கடுமையான பயிற்சிக்கு மறுநாள் தசைகள் வீங்கி, சிறுநீர் கோப்பி ஓ (பால் கலக்காத காப்பி) நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.