தம்பியே நடுவரா?

கேள்வி: புதுவீட்டு மொட்டைமாடி ஒழுகுகிறது. ஒப்பந்தப்படி, தகராறு வந்தால் கான்ட்ராக்டரின் கூடப்பிறந்த தம்பிதான் ஆர்பிட்ரேட்டராம் (கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவர்). கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டேனா?
- திருச்சி வாசகர்

பதில்: இல்லை. 1996 நடுவர் சட்டத்தில் 2015-ல் சேர்த்த 12(5) பிரிவுப்படி, ஒரு தரப்பின் உடன்பிறந்தவர் நடுவராக முடியாது. தகராறு வந்த பிறகு நீங்களே எழுத்தில் சம்மதித்தால்தான் உண்டு. 'சும்மா ஒரு கையெழுத்து சார்' என்று தாளை நீட்டுவார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் காபி குடித்துக்கொண்டே போட்டுவிட்டு வந்தார்! வக்கீல் நோட்டீசில் வேறு நடுவரைக் கேளுங்கள். 30 நாளில் ஒத்துவராவிட்டால் உயர் நீதிமன்றம் நியமிக்கும். அப்புறம், ஒழுகல் மாதிரி சின்ன வழக்குக்கு நான் நுகர்வோர் ஆணையத்துக்கே போவேன். ஆர்பிட்ரேஷன் ஷரத்து அதைத் தடுக்காது. இரண்டு வருடக் கெடு மட்டும் தாண்டக்கூடாது.