ஆர்மரர் பதில்கள்: ஒல்லித் துப்பாக்கிக்கு நீளக் குழல்

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி. டாலஸில் ஏழு வருஷமாக வேலை. போன வருஷம் கிரீன்கார்டு கிடைத்தது. நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுடப் பழகியிருக்கிறேன். இப்போது சொந்தமாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன். இடுப்பில் செருகினால் தெரியாத அளவுக்கு ஒல்லியாக இருக்க வேண்டும். அதிலேயே சைலன்சரும் மாட்ட வேண்டும். கிளாக் 43எக்ஸ், கிளாக் 48, சிக் பி365 இவற்றில் எது நல்லது? பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவந்து அப்பச்சிக்குக் காட்டலாமா? (பெயர் வேண்டாம், டாலஸ்)

பதில்: தம்பி, கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில். கொண்டுவராதீர்கள். துப்பாக்கியை மட்டும் சொல்லவில்லை, அந்தச் சைலன்சர் குழலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் நாட்டின் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், சுடும் சத்தத்தையோ நெருப்பு வெளிச்சத்தையோ குறைக்கச் செய்த உறுப்பையும் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பையில் வெறும் குழல் இருந்தாலும் துப்பாக்கி வைத்திருந்த வழக்குதான். நீங்கள் கேட்கும் மூன்றும் 9 எம்.எம். தோட்டா போடுபவை, அந்த ரகமோ இங்கே பொதுஜனத்துக்குத் தடை செய்யப்பட்டது. இன்னொன்றையும் மறக்காதீர்கள். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை ஊருக்கு எடுத்து வராதீர்கள். தையல் மடிப்பில் ஒரே ஒரு ரவை, அதாவது தோட்டா, தங்கியிருந்தால்கூட விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்துவிடும். பொங்கல் பானை வைக்க வந்தவர் வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார நேரும். அப்பச்சிக்குப் போட்டோ காட்டுங்கள், போதும்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். நான் ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக, இருந்தவன். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். 1ஏ பிஸ்டலைக் கழற்றிப் பூட்டியதற்குக் கணக்கே கிடையாது. அதற்குள் நடப்பதுதான் நீங்கள் சொன்ன மூன்றிலும் நடக்கிறது. சுட்டதும் மேலே நகரும் மூடியான ஸ்லைடும் ரவை வெளியேறும் இரும்புக் குழாயான பேரலும் ஒன்றாகப் பூட்டியபடி கொஞ்சம் பின்னால் வரும். அப்புறம் பேரலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டை விடும், ஸ்லைடு மட்டும் பின்னால் போய் வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும். நம் முகப்புக் கதவின் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கினால்தான் கதவு நகரும் அல்லவா, அந்த மாதிரி. இப்போது பேரலின் வாயில் கால் கிலோ எடையைத் திருகி மாட்டுங்கள். துலாவின் நுனியில் கல்லைக் கட்டிய கதையாகிவிடும். பேரல் சாய வேண்டிய நேரத்தில் சாயாது. முதல் ரவை போகும், இரண்டாவது ஏறாது.

இதற்கு மருந்து உண்டு. 'பூஸ்டர்' என்பார்கள், நீல்சன் டிவைஸ் என்றும் பெயர். குழலின் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு பிஸ்டன். சுட்ட அந்த ஒரு நொடித் துளியில் குழலின் பாரம் பேரலின் மேல் விழாமல் அது பிரித்துவிடும். பேரல் சாயும் பிஸ்டல் என்றால் இது இல்லாத குழலைக் கையால் தொடாதீர்கள். பேரல் அசையாமல் நிற்கும் ரகங்களுக்கு, பழைய வால்தர் பிபிகே மாதிரி, இது தேவையில்லை.

ஆனால் எனக்கு உள்ள மனக்குறை வேறு. ஒல்லியாகவும் இருக்க வேண்டும், குழலும் மாட்ட வேண்டும் என்று கேட்கிறீர்களே, இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். கிளாக் 43எக்ஸின் பேரல் 87 மில்லிமீட்டர்தான். துப்பாக்கியே அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். 9 எம்.எம். குழல் ஒன்று பதினைந்து முதல் இருபது சென்டிமீட்டர் நீளம், இருநூறு முந்நூறு கிராம் எடை. மாட்டிய பிறகு அது இடுப்பில் செருகும் பொருளே அல்ல. அது மட்டுமா? சின்னத் துப்பாக்கியின் ஸ்லைடு லேசு, ஸ்பிரிங் விறைப்பு. குழல் மாட்டினால் புகை பின்னால் திரும்பி வரும். லேசான ஸ்லைடு கூடுதல் வேகத்தில் அடிக்கும், கரியும் சூடும் உங்கள் முகத்தை நோக்கி வரும். கண்ணாடி போடாமல் சுட வேண்டாம். குறி பார்க்கும் காட்சியும் மறையும், ஏனென்றால் குறி பார்க்கத் தொழிற்சாலையில் வைக்கும் சைட் தாழ்வானது, குழலின் தடிமன் அதை மூடிவிடும். உயரமான சைட் போட வேண்டும், இல்லையென்றால் சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் ரெட் டாட்.

என் யோசனை இது. இடுப்புக்கு ஒன்று, ரேஞ்சுக்கு ஒன்று. ரேஞ்சில் குழல் மாட்டிச் சுடுவதுதான் ஆசை என்றால் சின்ன ரவை போடும் .22 பிஸ்டல் வாங்குங்கள். ரூகர் மார்க் 4 போன்றவற்றில் பேரல் அசையாது, திருகு வெட்டியே தொழிற்சாலையிலிருந்து வரும் ரகங்களும் உண்டு, ரவையும் மலிவு. கை பழகுவதற்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இல்லை ஐயா, ஒன்றுதான் வாங்குவேன், அது ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்றால், கேட்ட மூன்றில் கிளாக் 48. பிடி 43எக்ஸின் பிடியேதான், அதே ஒல்லி. பேரல் 106 மில்லிமீட்டர், ஸ்லைடும் அதற்கேற்ப நீளம், கனம். அந்தக் கனம்தான் குழல் மாட்டும்போது கைகொடுக்கும். திருகு வெட்டிய பேரலைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். அமெரிக்கத் திருகும் ஐரோப்பியத் திருகும் வேறு வேறு, ஐரோப்பியத்தில் இடப்பக்கம் திருகுவதும் உண்டு. பேரலையும் குழலையும் ஒரே கடையில் கேட்டு, கண் முன்னால் கையால் திருகிப் பார்த்து வாங்குங்கள். கோணலாக ஏறினால் ரவை குழலின் உள்தட்டில் உரசும். அந்தச் சேதத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ரவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ரவை அதைத் தாண்டினால் காற்றிலேயே சாட்டை சொடுக்கிய மாதிரி ஒரு சத்தம் வரும், அதை எந்தக் குழலும் அடக்காது. 9 எம்.எம்.மில் 115 கிரெய்ன் எடையுள்ள ரவை அந்த வேகத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். 147 கிரெய்ன் பெரும்பாலும் உள்ளே அடங்கும். பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்' என்று போகும் என்று நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். குழல் இல்லாத 9 எம்.எம். வாயருகே 160 டெசிபல் அளவில் இருக்கும். நல்ல குழல் அதை 130 பக்கம் இறக்கும். நாம் வெடிக்கும் பட்டாசுக்கு நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டாளத்தில் சைலன்சர் வைத்த கார்பைன் ஒன்றைப் பழுது பார்த்துச் சோதித்திருக்கிறேன். ரவை போனதைவிட உள்ளே போல்ட் முன்னும் பின்னும் அடிப்பதுதான் பெரிதாகக் கேட்டது. மோட்டார் சைக்கிள் சைலன்சரும் இதுவும் ஒரே தத்துவம். புகையை ஒரேயடியாக வெளியே விடாமல் அறை அறையாக நிறுத்தி ஆறவிட்டு அனுப்புவது. 1909இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹைராம் பெர்சி மாக்சிம் கார் மஃப்ளரும் செய்தவர்.

அப்படியானால் எதற்கு இது? காதுக்கு, தம்பி. 140 டெசிபலுக்கு மேல் ஒரே வெடியில் காது கெடும். எங்கள் காலத்தில் ரேஞ்சில் பஞ்சைத் திரித்து அடைத்துக்கொண்டு நிற்போம், பல நாள் அதுவும் இல்லை. என் இடது காதில் முப்பது வருஷமாக ஓயாத இரைச்சல். பேத்தி அந்தப் பக்கம் நின்று 'ஐயா' என்று கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை. நீங்கள் குழல் மாட்டினாலும் மேலே காதுமூடியும் போடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அங்கத்திய சட்டம்: 1934 முதல் குழலுக்கு அரசிடம் பதிவும் 200 டாலர் வரியும் இருந்தன. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். பதிவு, கைரேகை, போட்டோ எல்லாம் அப்படியே இருக்கின்றன. டெக்சாஸில் அனுமதி உண்டு. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், இல்லினாய், டெலவேர், ஹவாய், ரோட் ஐலண்ட் ஆகியவற்றில் பொதுஜனத்துக்குக் கிடையாது. நியூஜெர்சியில் சொந்தக்காரர் வீட்டுக்குக் காரில் கிளம்பும்போது குழலை வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள். எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நண்பர்களிடமும் சொல்லுங்கள்: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் தங்கினால் பெட்டகச் சாவி உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஐயா ரங்கூனில் கொண்டுவிற்றவர். இரண்டாங்கட்டில் பெட்டகத்தை ஒழித்தபோது துணியில் சுற்றிய சின்னக் கைத்துப்பாக்கி ஒன்று கிடைத்தது. லைசென்ஸ் எதுவும் காணோம். ஊருணியில் போட்டுவிடலாம் என்கிறார் என் கொழுந்தனார். (ஒரு வாசகி, ஆத்தங்குடி)

பதில்: ஆச்சி, ஊருணி வேண்டவே வேண்டாம். கோடையில் தண்ணீர் வற்றினால் பிள்ளைகள் கையில்தான் கிடைக்கும். பர்மாவிலிருந்து 1942இல் ஓடிவந்த குடும்பங்களில் இப்படி எத்தனையோ பொருள் வந்திருக்கிறது, இதில் உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. மறைத்து வைத்தால்தான் தப்பாகும்.

யாரும் அதைக் கையில் எடுத்துக் சுடும் விசையான குதிரையை அழுத்திப் பார்க்க வேண்டாம். ரவை அடுக்கும் மேகசினை உருவிவிட்டால் காலி என்று நினைப்பார்கள். பேரலின் பின் அறையில் ஒரு ரவை உட்கார்ந்திருக்கும். எண்பது வருஷத்து ரவையும் வெடிக்கும். கிடந்த இடத்திலேயே வைத்து அந்த அறையைப் பூட்டுங்கள். எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, வக்கீல் ஒருவரோடு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லி, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போகாதீர்கள். ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் துப்பாக்கியின் நம்பர் இருக்கட்டும்.

ஐயா பேரில் பழைய லைசென்ஸ் காகிதம் கணக்குப் பேரேடுகளுக்கு நடுவில் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள். கிடைத்தால் வாரிசு என்ற முறையில் கலெக்டர் ஆபீஸில் மனுப் போட இடமுண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பேரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்குப் போகும்போது கொழுந்தனாரையும் கூட்டிப் போங்கள்.