மருத்துவமனையில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

கேள்வி: எனது மகனின் தலைப்பிள்ளை கொழும்பிலுள்ள மருத்துவமனையொன்றில் எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. மூன்றாம் நாள் இரவு பிள்ளை மூச்செடுக்கவே சிரமப்பட்டது. மருமகள் சத்திரசிகிச்சைக்குப் பின் வேறு வார்டில் இருந்தாள். மகன் மருந்து வாங்க வெளியே சென்றிருந்தான். சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது நினைவுக்கு வர, போத்தலில் இருந்த கொதித்தாறிய நீரை அதன் மூடியில் எடுத்து, பிள்ளையின் தலையில் மூன்று தடவை வார்த்து, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற தாதி மட்டும் அதைக் கண்டார். ஆண்டவர் கிருபையால் பேத்திக்கு இப்போது ஐந்து மாதம். கனடாவிலுள்ள தாய்மாமன் மார்கழியில் வந்ததும் ஞானஸ்நானம் வைக்க மகன் மண்டபம் பேசுகிறான். நான் செய்ததை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அது செல்லுமா? மறைத்தது பாவமா?
(கத்தோலிக்க வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: அம்மா, அது செல்லும். உயிராபத்தான வேளையில், திருச்சபை கருதுகின்ற அதே கருத்தோடு, தலையில் நீர் வார்த்து உரிய வார்த்தைகளைச் சொல்லி எவரும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், அளிக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். குரு இல்லை, கோவில் இல்லை, மந்திரித்த தீர்த்தம் இல்லை என்பதால் அது அரைகுறையாகிவிடாது. வார்த்தைகளையும் நீங்கள் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள்; "நான்" என்பதற்குப் பதிலாக "நாங்கள்" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட திருமுழுக்குச் செல்லாது என்று வத்திக்கான் 2020 இல் விளக்கமளித்ததை நினைத்தால், அந்தப் பதற்றத்திலும் உங்கள் நாக்குத் தவறாமல் இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். ஈரவிரலால் நெற்றியைத் தொட்டதோடு நிறுத்தியிருந்தால் ஐயம் எழுந்திருக்கும். அப்படி ஐயம் தீராத இடத்தில், "நீ திருமுழுக்குப் பெற்றிராவிட்டால்" என்ற நிபந்தனையோடு குரு அதை அளிப்பார். உங்கள் பேத்தியின் தலையிலோ நீர் ஓடியிருக்கிறது. ஆகவே மார்கழியில் மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. அது ஒருவருக்கு ஒரு தடவைதான்.

அச்சத்தால் மௌனமாக இருந்ததைப் பாவமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இனியும் மறைப்பது சரியல்ல. இவ்வாறு திருமுழுக்கு அளித்தவர் அதைப் பங்குத் தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். உங்கள் வாக்குமூலமும், முடிந்தால் அந்தத் தாதியின் சாட்சியமும் கிடைத்ததும், நீர் வார்த்த அந்த நாளே திருமுழுக்கு நாளாகப் பதிவேட்டில் எழுதப்படும். பிற்காலத்தில் உறுதிப்பூசுதல் என்னும் அருட்சாதனமும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். பிள்ளை மணமுடிக்கும் நாளில் அந்தப் பதிவின் பிரதியைத்தான் கேட்பார்கள்.

ஆயினும் பங்குத் தந்தைக்கு முன்னர் உங்கள் மகனும் மருமகளும் இதை அறிய வேண்டும், அதுவும் உங்கள் வாயால். பத்து நிமிடம் முகம் வாடினாலும் வாடட்டும். தான் பெற்ற பிள்ளையின் ஞானஸ்நானத்தில் தான் இருக்கவில்லையே என்று மருமகளுக்கு மனம் நோகலாம். அந்த நோவு நியாயமானது, அதற்கு உடனே சமாதானம் சொல்லப் பாயாதீர்கள். பின்பு, இப்படித் திருமுழுக்குப் பெற்ற குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுவந்து வரவேற்பதற்கென்றே தனிச் சடங்கு உண்டு என்பதைச் சொல்லுங்கள். அதில் நீர் வார்ப்பது மட்டும் இராது; கிறிஸ்மா என்னும் புனித தைலம் பூசுவதும், வெண்ணாடை அணிவிப்பதும், பாஸ்காத் திரி என்னும் உயிர்ப்புப் பெருவிழாவின் பெரிய மெழுகுதிரியிலிருந்து திரி ஏற்றிக் கொடுப்பதும் உண்டு. தாய் பிள்ளையை ஏந்தி நிற்க, பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பதாகப் பெற்றோர் இருவரும் சபையின் முன் வாக்களிப்பார்கள். மண்டபமும் விருந்தும் தாய்மாமனும் எல்லாம் அதற்குப் பொருந்தும். ஆனால் அதற்காக மார்கழிவரை காத்திருக்கத் தேவையில்லை.

நம் ஊரின் கதையையும் எண்ணிப் பாருங்கள். 1656 இல் கொழும்பு ஒல்லாந்தர் வசமான பின் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை வந்தது. 1687 இல் புனித யோசப் வாஸ் அடிகளார் மறைந்து வந்து சேரும்வரை, ஆண்டுக்கணக்காக ஒரு குருவின் முகத்தையும் காணாமல் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே விசுவாசத்தைக் காத்தன. காத்தவர்கள் உங்களைப் போன்ற அப்பம்மாக்களும் அம்மம்மாக்களும்தான் என்று நான் நம்புகிறேன். ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஞானஸ்நானம் என்பது, எங்கள் கையில் தங்குமா என்று தெரியாத பிள்ளையையும் ஆண்டவர் கையில் ஒப்படைப்பதாகும். அந்த இரவு நீங்கள் செய்தது அதைத்தான்.

கேள்வி: என் உயிர்த்தோழி சைவ சமயத்தவர். எங்கள் மகனுக்கு அவரை ஞானத்தாயாக வைக்கலாமா?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: வைக்க முடியாது. ஞானத்தாய் பிள்ளையின் விசுவாச வாழ்வுக்குத் துணை நிற்பவர் என்பதால், அவர் திருமுழுக்கும் நற்கருணையும் உறுதிப்பூசுதலும் பெற்ற, 16 வயது நிறைந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பிள்ளையின் பெற்றோராகவும் இருக்கக் கூடாது. வேறு சபையைச் சேர்ந்த, திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர் ஒருவர், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக மட்டும் நிற்கலாம். ஞானத்தாய், ஞானத்தந்தை இருவரும் வேண்டுமென்ற கட்டாயம் இல்லை, ஒருவரே போதும். தூரத்தில் இருப்பவரை உறவுமுறைக்காகப் பிடிக்காமல், ஞாயிறு பூசைக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிச் செல்லக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். உங்கள் தோழி அன்று முன்வரிசையில் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைக்கு அணிவிக்கும் வெண்ணாடையைத் தைத்துத் தரும்படி அவரையே கேளுங்கள்.