சோற்றை விட்டால் உடம்பு குறையுமா? லோ கார்ப் டயட்டில் நன்மை என்ன, தீமை என்ன?

குறையும். எனக்கு நாலு மாதத்தில் 84 கிலோ 75 ஆனது. இப்போது 79. இந்தக் கடைசி எண்ணை யூடியூப்காரர் யாரும் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் ஒன்று கலியாணம் நெருங்குகிறது, இல்லையென்றால் கிளினிக்கில் ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள். நான் இரண்டாவது ரகம். வயது 47, இருப்பது இலங்கையில் களுவாஞ்சிகுடிப் பக்கம், வேலை மட்டக்களப்பு டவுனில், ஆறு வருடமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கனடாவில் இருக்கும் மச்சான்தான் ஆரம்பித்து வைத்தான். சோறு, பாண், பிட்டு, கிழங்கு எல்லாம் நிறுத்து, மீன், முட்டை, இலைக்கறியோடு இரு, ஒரு நாளைக்கு மாச்சத்து (அதாவது கார்ப்) 50 கிராம் தாண்டக்கூடாது என்றான். ஒரு கப் சோற்றிலேயே கிட்டத்தட்ட 45 கிராம் போய்விடும்.

முதல் கிழமையிலேயே மூன்று கிலோ இறங்கியது. ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர் என்பது பிறகுதான் தெரியும். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். அது கரைய, தண்ணீரும் உப்பும் போய்விடும். தலையிடியும் இரவில் கெண்டைக்கால் பிடிப்பும் அதனால்தான்.

வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போவது. ஆக வீடு மனைவியின் சீதனம், சமையல் மாமி, அரிசி மாமியின் வயல் அரிசி. பெரும்போக வெள்ளாமை வெட்டிப் புதிர்ச்சோறு ஆக்கிய அன்றைக்குப் பார்த்து நான் "வேணாம் மாமி" என்றேன். அகப்பையில் எடுத்த சோற்றைத் திரும்பப் பானைக்குள் போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மகளிடம் கேட்டாராம், "நம்மட அரிசியில அவருக்கு என்ன குறையாம்?"

அரிசியில் என்ன குறை? குறையெல்லாம் நெல் எடுக்க வரும் யாவாரியின் தராசில். ஈரம் என்று சொல்லி மூடைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார். வெயிலில் மூன்று நாள் காயப்போட்ட நெல்லில் எங்கிருந்து ஐயா ஈரம்? அதே நெல் அரிசியாகிக் கடைக்கு வந்தால் விலையைக் கேட்கவே பயம். சரி, அது வேறு கதை.

நான் விட்ட பெரிய பிழை, சோற்றை நிறுத்தியவன் சீனிக் குளிசையைப் பற்றி யாரிடமும் கேட்காதது. நான் போடுவது கிளிக்லசைட். அது கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும், வயிற்றில் சோறு இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. மூன்றாம் கிழமை, வேலை முடிந்து பைக்கில் கல்லடிப் பாலத்தடிக்கு வரும்போது கை நடுங்கியது, சட்டை தெப்பமாக நனைந்தது, எதிரே வந்த லைட் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஓரமாக நிறுத்திக் குந்திவிட்டேன். இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. கச்சான் விற்கும் அக்கா ஒருவர் "வெறியோ?" என்று ஏசிக்கொண்டு வந்தவர், முகத்தைப் பார்த்ததும் தான் குடித்து மிச்சம் வைத்திருந்த சோடாவைக் கையில் தந்தார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்தது. சோடாவுக்குக் காசு வாங்கவில்லை, இரண்டு கச்சான் அல்வாவை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்.

"குளிசையோடு தொடங்கச் சொன்னது யார்" என்று ஏச வருகிறவர்களே, டொக்டர் ஏற்கெனவே ஏசிவிட்டார், குளிசையையும் பாதியாக்கினார். நான் டொக்டர் இல்லை. ஆனால் இன்சுலின் போடுகிறவர்களும், "ஃபுளோசின்" என்று பெயர் முடியும் சீனிக் குளிசை எடுக்கிறவர்களும் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். அந்த ஃபுளோசின் குளிசையோடு மாச்சத்தை ஒரேயடியாக வெட்டினால், சீனி அளவு சாதாரணமாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறி ஆளை விழுத்தலாம்.

நன்மையும் உண்டு, பொய் சொல்லக்கூடாது. பசி அடங்கியது, சீனி இறங்கியது, இரத்தத்தில் இருக்கும் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பும் இறங்கியது. ஆனால் சோற்றுக்குப் பதில் தேங்காய் முதற்பாலில் வைத்த சொதியைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்ததில் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறிவிட்டது. மலச்சிக்கலைப் பற்றி விவரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி, முட்டைகூட இல்லை. தயிரும் வல்லாரையும்தான். கொறிக்க முந்திரிப்பருப்பு நல்லது என்று நினைத்தேன், அதில் 100 கிராமுக்கு 30 கிராம் மாச்சத்து இருக்கிறது.

2018ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. 609 பேர், ஒரு வருடம். சாப்பாட்டில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரி 5.3 கிலோ இறங்கியது, மாச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் முடித்தார்கள். எனக்கும் எடை குறைந்தது, சீனி போட்ட ஐந்து தேத்தண்ணியும் இரவுப் பாணும் நின்றதால் என்றே நினைக்கிறேன். அவை இன்னும் நின்றபடிதான்.

இப்போது மத்தியானத்துக்கு ஒரு அகப்பைச் சோறு என்று மாமியோடு சமாதானம். சொன்னபடி ஒரு அகப்பைதான் போடுகிறார். அகப்பை புதிது, பழையதைவிடக் கொஞ்சம் பெரிது.